இடாப்பில் இல்லாத நிரல்

வகுப்பறை மேசையில் கிடக்கும் வரவு இடாப்பை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், முகவரி என்று அதில் நிரல்கள் வரிசையாக இருக்கும். ஒரு மாணவி வருடத்தில் எத்தனை நாள் பள்ளிக்கூடம் வந்தாள் என்பதை முப்பது வருடம் கழித்தும் அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அவள் இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எந்தப் பாடத்துக்குப் பயந்தாள், என்ன கதை சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தாள் என்பதை அதில் தேட முடியாது. அவற்றுக்கு நிரல் போடப்படவில்லை. அதை நாங்கள் ஒரு குறையாக நினைப்பதுமில்லை. அவளை அறிந்தவர்கள் வெளியே இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டுக்கொள்ள யாரும் இல்லாமல், ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதிய இடாப்பு மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? இது ஏதோ தூர தேசத்துக் கேள்வியல்ல. மதுரங்குளியிலிருந்து புத்தளம் போய், அங்கிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் போனால் சிறாம்பியடி என்ற சிறிய கிராமம் வருகிறது. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர் அது. சிங்களம் பேசுகிறார்கள், கத்தோலிக்க சமயத்தைப் பின்பற்றுகிறார்கள், எங்களைப் போலவே சோறும் கறியும் சாப்பிடுகிறார்கள். சுருண்ட முடியும் முகச்சாயலும் மட்டும் கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதையின் முதல் பக்கம் அவர்களிடமும் இல்லை. நூல்நிலையத்திலும் இல்லை.

உயர்தரத்தில் வரலாறு படித்த காலத்திலிருந்து இந்த முதல் பக்கத்தை நான் தேடி வருகிறேன். தேடத் தேட ஒன்று தெளிவாகியது. அவர்களைப் பற்றிய எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் அவை எல்லாமே வேறு யாரோ தங்கள் தேவைக்காக எழுதி வைத்தவை.

முதலில் எங்களுக்குப் பழக்கமான ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். அவர் கரையிறங்கிய 'பத்தாலா' என்ற இடம் புத்தளம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். பாவா ஆதம் மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவர் 'கலன்பு' என்ற நகரத்தைக் கடந்தார். அது இன்றைய கொழும்பு. அங்கே ஜாலஸ்தி என்ற கடல் அதிகாரி இருந்ததாகவும், அவரிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர்கள் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாக முன்னரே இந்தத் தீவில் ஆபிரிக்கர் இருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு வரி சான்று. ஆனாலும் பாருங்கள், அதிகாரிக்குப் பெயர் இருக்கிறது. அந்த ஐந்நூறு பேருக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோருமே எண்ணிக்கை வைப்பதில் கெட்டிக்காரர்கள். போர்த்துக்கேயர் மொசாம்பிக்கிலிருந்தும் கிழக்கு ஆபிரிக்காவின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் கோவா வழியாகவே அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்து, புனிதர் ஒருவரின் பெயரைச் சூட்டினால் பழைய பெயர் அன்றோடு முடிந்தது. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் தோம்பு எழுதுவதில் பேர்போனவர்கள். காணிக்குத் தோம்பு, குடும்பங்களுக்குத் தோம்பு, ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் இடாப்பு. அடிமைகள் சொத்துப் பட்டியலில் வந்தார்கள். பகலெல்லாம் கோட்டையில் வேலை வாங்கிவிட்டு, இரவில் அவர்களைத் தோணியில் ஏற்றி வாவியின் நடுவிலிருந்த நிலத்தில் அடைத்தார்கள். அதனால் அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்றே பெயர் நிலைத்தது. நாங்கள் கொம்பனித்தெரு என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் கடந்து போகும் இடம் அதுதான்.

ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சி நடந்த இடங்களில் அடிமை ஒருவரின் பெயருக்குப் பின்னால் ஓர் இடத்தின் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கம் இருந்தது. அந்த இடம் அவர் பிறந்த கிராமமாக இருக்க வேண்டியதில்லை. அவர் விற்கப்பட்ட சந்தையின் பெயராகவோ, கப்பல் ஏற்றப்பட்ட துறைமுகத்தின் பெயராகவோ இருக்கலாம். சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் இன்றும் செப்டெம்பர், பெப்ரவரி என்று குடும்பப் பெயர் கொண்டவர்கள் இருக்கிறார்கள். எவரோ ஒரு மூதாதையின் சொந்தப் பெயரை அந்த மாதம் விழுங்கிவிட்டது.

1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் ஆபிரிக்கரைக் கொண்டே ஒரு படைப்பிரிவை அமைத்தார்கள். கண்டி இராச்சியத்தோடு நடந்த போர்களில் அவர்கள் முன்னே நிறுத்தப்பட்டார்கள். படைப் பட்டியலில் இலக்கம், பெயர், தரம், சம்பளம் என்பன எழுதப்பட்டன. 1816 ஆகஸ்ட் 12ஆம் திகதிக்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமானவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. 1844இல் அடிமை முறையே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. படையிலிருந்து ஓய்வு பெற்ற ஆபிரிக்கர்கள் பலர் தங்கள் குடும்பங்களோடு புத்தளத்தில் குடியேறினார்கள். சிறாம்பியடியின் கதை எங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது இங்கேதான்.

இத்தனை கைகள் எழுதியும், ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. 'உன் கிராமத்தின் பெயர் என்ன?' அதற்கு ஒரு நிரல் போட்டிருந்தால், இன்று சிறாம்பியடியில் பிறக்கும் ஒரு பிள்ளை தன் மூதாதையரின் ஊரைத் தேடிப் போகலாம். தேவாலயத்துக்கு ஆன்மா வேண்டியிருந்தது. கம்பனிக்கு விலை வேண்டியிருந்தது. படைக்கு இலக்கம் வேண்டியிருந்தது. கிராமத்தின் பெயர் அவர்களில் யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒரு நிரல் இவ்வளவு பெரிய விஷயமா என்று நினைக்கலாம். உலகத்தின் மறுபக்கத்தில் நடந்த ஒன்றைப் படித்தபோதுதான் எனக்கே அது விளங்கியது.

கலிபோர்னியாவின் கரையோரத்தில், சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து தெற்கே மொன்டரே வரையும் அதற்கு அப்பாலும், ஓலோன் என்று இன்று அழைக்கப்படும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் ஒரே இனக்குழு அல்லர். சில நூறு பேர் கொண்ட சின்னச் சின்னக் குழுக்களாக, தனித்தனி நிலமும் தனித்தனித் தலைமையும் கொண்டு இருந்தார்கள். இன்றைய சன் பிரான்சிஸ்கோ நகரம் நிற்கும் நிலம் யெலாமு என்ற மிகச் சிறிய குழுவுக்கு உரியதாக இருந்தது. ஸ்பானியப் பாதிரிமார் 1776இல் அங்கே ஒரு மிஷன் கட்டினார்கள். அடுத்த வருடமே யெலாமு மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார்கள். போனவர்கள் திரும்பிப் போக விடப்படவில்லை. புதிய நோய்கள் பரவின. 1806இல் வந்த சின்னமுத்து விரிகுடா மிஷன்களில் இருந்தவர்களை நூற்றுக்கணக்கில் கொண்டு போயிற்று. ஐம்பது அறுபது வருடங்களுக்குள் அந்தச் சிறு குழுக்கள் ஒவ்வொன்றும் மண்ணிலிருந்து காணாமல் போயின.

ஆனால் அந்தப் பாதிரிமார் ஒரு காரியம் செய்திருந்தார்கள். ஞானஸ்நான இடாப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கொடுத்தார்கள். புதிய ஸ்பானியப் பெயரோடு, பல இடங்களில் அவருடைய சொந்தப் பெயரையும், தாய் தகப்பன் யார் என்பதையும், எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையும் எழுதினார்கள். விவாக இடாப்பும் மரண இடாப்பும் அதே ஆட்களைத் திரும்பவும் குறித்தன. அவர்கள் இதை அன்பினால் செய்ததாக நான் நினைக்கவில்லை. நெருங்கிய உறவினருக்குள் விவாகம் நடக்கக் கூடாது, யார் யாருடைய பிள்ளை என்று தெரிய வேண்டும் என்ற திருச்சபை விதிகளுக்காகவே எழுதினார்கள். இருநூறு வருடம் கழித்து ரண்டல் மில்லிகன் என்ற ஆய்வாளர் அந்த இடாப்புகளை ஆயிரக்கணக்கான பதிவுகளாகப் பிரித்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தார். எந்த ஊரார் எந்த வருடத்தில் மிஷனுக்கு வந்தார்கள், எந்தக் குழு எந்தக் குழுவோடு சம்பந்தம் செய்தது என்பதெல்லாம் வெளிவந்தது. 1995இல் அது புத்தகமாக வந்தது. யெலாமு என்ற பெயரை இன்று நான் மதுரங்குளியில் இருந்துகொண்டு எழுதுவது அப்படித்தான்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. 1925இல் அல்பிரட் குரோபர் என்ற பெரிய மானிடவியல் அறிஞர், அந்தக் கரையோர மக்கள் நடைமுறையில் அழிந்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டார். அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ உயிரோடு இருந்தார்கள். இன்று முவெக்மா ஓலோன் போன்ற குழுக்கள் தாங்கள் யார் என்று நிரூபிக்க, தங்கள் மூதாதையரை அடைத்து வைத்த அதே மிஷனின் இடாப்புகளைத்தான் சான்றாகக் காட்டுகின்றன. அடைத்தவனின் எழுத்தையே சாவியாக்கிக் கொண்டார்கள். ஊரின் பெயருக்கு ஒரு நிரல் இருந்ததால்தான் அது முடிந்தது.

சிறாம்பியடிக்கு அந்தச் சாவி கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த இனப் பெயரைக் கூட அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. தமிழில் காப்பிலி, காப்பிரி என்கிறோம். சிங்களத்தில் காபிரி. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எங்கள் கல்லூரி மாணவி எவளுக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குர்ஆன் மத்ரஸாவில் அலிப், பே படித்த நாளிலிருந்து அது எங்கள் காதில் விழுந்த சொல். ஆபிரிக்கக் கரைக்குப் போன அரபு வணிகர்கள், இஸ்லாத்தில் இல்லாத அந்நாட்டு மக்களை காபிர் என்றார்கள். போர்த்துக்கேயர் அதன் பொருளைக் கவனிக்காமல் கறுத்த மனிதர் எல்லோருக்கும் அதையே பெயராக்கினார்கள். அவர்களிடமிருந்து ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் அது போயிற்று. தென்னாபிரிக்காவில் இன்று அந்தச் சொல்லை ஒருவரைப் பார்த்துச் சொன்னால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வரும். இங்கே அந்தச் சமூகத்தவர் அதை வசையாகக் கொள்ளாமல் தங்கள் பெயராகவே சொல்லிக்கொள்கிறார்கள். அதற்கு அவர்களுடைய பெருந்தன்மைதான் காரணம், சொல்லின் நேர்மையல்ல. 'நீ எங்களில் ஒருவன் அல்ல' என்பதை மட்டும் சொல்லும் சொல் அது. முதல் முஅத்தினாகப் பாங்கு சொன்ன பிலால் (ரழி) அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு ஆசையோடு வைக்கும் நாங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

யோசித்தால் எங்கள் பெயரும் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கள் பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் தமிழில் 'இலங்கைச் சோனகர்' என்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்றும் இருக்கும். ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் தாங்கள் சண்டையிட்ட முஸ்லிம்களுக்குப் போர்த்துக்கேயர் வைத்திருந்த பெயர் அது. இங்கே வந்து எங்களைப் பார்த்ததும் அதையே ஒட்டிவிட்டார்கள். காப்பிலி என்ற பெயரும் மூர் என்ற பெயரும் ஒரே கப்பலில் வந்து இறங்கியவை. கதிரை, அலுமாரி, சப்பாத்து, பாண், குசினி என்ற சொற்களும் அதே கப்பலில்தான் வந்தன. நாங்கள் நினைப்பதை விட சிறாம்பியடி எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இடாப்பில் நிரல் இல்லாததை அவர்கள் வேறு இடத்தில் வைத்திருந்தார்கள். புத்தளத்தில் நடந்த ஒரு கலாசார நிகழ்வில் அவர்களுடைய மஞ்சாவைக் கேட்டேன். பெரும்பாலும் பெண்கள். தேங்காய்ச் சிரட்டை, கண்ணாடிப் போத்தல், கரண்டி, றபான் இவைதான் வாத்தியங்கள். மெதுவாகத் தொடங்கிய பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்து, கடைசியில் இருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டது. பைலாவுக்கு மூத்த உறவு அது. பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். ஒரு காலத்தில் வீட்டில் பேசிய அந்த மொழி இப்போது பாட்டில் மட்டும் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மூத்த பெண்ணிடம், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டேன். அவர் சிரித்தார். "அம்மா பாடினார், நான் பாடுகிறேன்" என்றார். லண்டனில் இருந்து ஆய்வு செய்யும் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய இந்தப் பாட்டுகளைப் பதிவுசெய்து, சொற்களை இனங்கண்டு எழுதியிருக்கிறார். அர்த்தம் பாதி தொலைந்த பிறகும் பாட்டைக் கைவிடாத அந்தத் தாய்மார் இல்லாவிட்டால் அவருக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் பேணி இருக்கிறது. அதற்குள் உம்மம்மாவின் பழைய நிவாரண அட்டை இருக்கிறது.

1990 ஒக்டோபர் மாதத்தில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொடுக்கப்பட்டது. அவர்களில் பெரும்பான்மையோரை ஏற்றுக்கொண்டது இந்தப் புத்தளம் மாவட்டம். உம்மம்மா வந்ததும் அப்படித்தான். அந்த அட்டையில் குடும்பத் தலைவரின் பெயர், அங்கத்தவர் தொகை, ஒவ்வொருவருடைய வயது, கொடுக்கப்பட்ட அரிசி, பருப்பு, சீனி எல்லாம் இருக்கின்றன. வந்த இடம் என்பதற்கு நேரே ஒரே ஒரு சொல்: யாழ்ப்பாணம்.

கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் துயரத்தோடு எங்கள் துயரத்தை ஒப்பிட எனக்கு வாய் வராது. அந்த அட்டை எங்களுக்குச் சோறு போட்டது. அதை எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாழ்ப்பாணம் ஒரு மாவட்டம். உம்மம்மாவின் ஊர் சோனகத்தெரு. அதற்குள் ஒரு ஒழுங்கை, ஒழுங்கைக்குள் ஒரு வீடு, வீட்டுக்குள் ஒரு கிணறு. அட்டைக்கு அது தேவைப்படவில்லை. நூறு வருடம் கழித்து அந்த அட்டை மட்டும் மிஞ்சினால், நாங்கள் ஏழு பேர், 'யாழ்ப்பாணம்' என்ற துறைமுகத்திலிருந்து வந்தவர்கள்.

அதனால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, நானே நிரல் போட்டேன். வலப்பக்கத்து வீட்டில் யார், இடப்பக்கத்து வீட்டில் யார், கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணியா சவர்த் தண்ணியா, நோன்புக் கஞ்சி எந்தப் பள்ளியிலிருந்து வந்தது, கலியாண வீட்டில் யார் பாடினார்கள், என்ன பாட்டு. உம்மம்மா முதலில் சலித்துக்கொண்டார். "இதெல்லாம் ஆருக்கு வேணும், மகள்?" என்றார். பிறகு அவரே என்னைக் கூப்பிடத் தொடங்கினார். கதீஜாப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்த தையற்கடை, கிணற்றடி மாதுளை, குலவை போடுவதில் பேர்போன ஒரு மாமி என்று ஒவ்வொன்றாக வந்தது. இப்போது நாற்பத்தொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. ஒரு பாட்டில் மூன்று வரி அவருக்கு வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நீர்கொழும்பில் இருக்கும் அவருடைய தங்கச்சிக்குத் தெரிந்திருக்கும் என்கிறார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருடைய உம்மம்மாவும் வாப்பும்மாவும் இந்தக் கரையிலேயே பிறந்தவர்களாக இருக்கலாம். களப்பில் தோணி ஓட்டிய குடும்பம், உப்பு வாய்க்காலில் வேலை செய்த குடும்பம், தென்னந்தோட்டத்துக்குக் காவல் இருந்த குடும்பம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருக்கும். வாக்காளர் இடாப்பில் அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வீட்டிலக்கம் இருக்கிறது. மிச்சத்தை அந்த இடாப்பு கேட்கப் போவதில்லை. வரப்போகிற விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்து, நீங்களே நிரல் போட்டுக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். முதல் நிரலில் ஊரின் பெயரை எழுதுங்கள். மாவட்டத்தின் பெயர் போதாது.